ஆலங்காட்டு எல்லை: தலைவர் மாறியிருந்தால் கோடு மாறியிருக்குமா?

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயில் திருவள்ளூரைத் தாண்டியதும் நகரம் பின்தங்கிவிடுகிறது. கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர் என்று சிறு நிலையங்கள் வந்து போகின்றன. அடுத்தது திருவாலங்காடு. 1856-இல் ராயபுரத்துக்கும் வாலாஜாவுக்கும் இடையே போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இது. நிலையத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் வடாரண்யேசுவரர் கோயில். கூத்தபெருமானின் ஐந்து சபைகளில் இது இரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து இறைவனின் ஆடலைக் கண்டபடி தங்கிய இடம். இங்கே கிடைத்த நடராசர் செப்புத்திருமேனி இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதென் சிவ நடனத்தைப் பற்றி எழுதினார். இவ்வளவு தமிழ்த்தன்மை தோய்ந்த ஊர் 1953 அக்டோபர் 1 முதல் 1960 மார்ச் 31 வரை ஆந்திர மாநிலத்தில் இருந்தது என்பது இன்று பிராகாரம் சுற்றுகிறவர்களில் பலருக்குத் தோன்றாது. திருவாலங்காடு, திருத்தணி, பள்ளிப்பட்டு எல்லாம் ஆறரை ஆண்டுகள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ஊர்களாக இருந்தன. எப்படிப் போயின, எப்படித் திரும்பின என்று கேட்டால் உடனே தலைவர்களின் பெயர்களே விடையாக வருகின்றன. ராஜாஜி விட்டுவிட்டார், காமராசர் மீட்டுவிட்டார் என்பார் ஒருவர். நேரு அவசரப்பட்டார் என்பார் இன்னொருவர். ம.பொ.சி. இல்லாவிட்டால் திருத்தணி இல்லை என்பார் வேறொருவர். அப்படியானால் அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியைப் பொழுதுபோக்காகக் கேட்காமல் ஆதாரங்களோடு கேட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக் கேட்பதில் பழக்கப்பட்டவர்கள் அமெரிக்க வரலாற்றாசிரியர்கள். உள்நாட்டுப் போர் முடிந்த சில நாட்களிலேயே, 1865 ஏப்ரலில், லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடிமை முறை ஒழிந்த தென் மாநிலங்களை மறுபடி ஒன்றியத்துடன் சேர்த்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஜான்சனுக்கு வந்தது. போரின்போது தளபதி ஷெர்மனின் ஆணையால் விடுதலையடைந்த கறுப்பின மக்களுக்குக் கிடைத்திருந்த நிலங்களை ஜான்சன் பழைய பண்ணையார்களிடமே திரும்பச் சேர்த்தார். கிளர்ச்சி செய்தவர்களுக்குத் தாராளமாக மன்னிப்பு வழங்கினார். லிங்கன் உயிரோடு இருந்திருந்தால் இந்த மறுகட்டமைப்பு வேறாக இருந்திருக்குமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது லிங்கனின் பெருந்தன்மையோ ஜான்சனின் குறுகிய மனமோ அல்ல. 1865 வசந்தத்திலிருந்து டிசம்பர் வரை அமெரிக்க நாடாளுமன்றம் கூடவே இல்லை. என்ன விதிப்படி மாநிலங்களைச் சேர்ப்பது என்று சட்டம் எதுவும் தீர்த்து வைத்திருக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் தனி ஒருவரின் மனப்போக்கே நாட்டின் கொள்கையாகிவிட்டது. விதி இல்லாத இடத்தில்தான் ஆள் யார் என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விதி வந்தபின் ஆளின் எடை குறைகிறது. 1867-இல் நாடாளுமன்றம் தன் சட்டங்களை இயற்றியபோது ஜான்சன் அவற்றைத் தடுத்தும் அவை நிறைவேறின. இந்தக் கருத்தை வைத்துக்கொண்டு திருவாலங்காட்டுக்கு வந்தால் இங்கே நடந்தது தெளிவாகிறது.

முதலில் இந்த ஊர் எப்படி அந்தப் பக்கம் போயிற்று என்று பார்ப்போம். வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பையின் சில வட்டங்களையும் சேர்த்து ஆங்கில அரசு 1911-இல் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியது. வரி வசூலும் நிர்வாக வசதியும்தான் அதன் நோக்கம். அங்கே யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது அன்றைய அதிகாரிகளின் கணக்கில் இல்லை. கார்வேட்டிநகர ஜமீனின் பகுதியாக இருந்த திருத்தணி வட்டாரம் அப்படியே அந்த மாவட்டத்துக்குள் போயிற்று. நாற்பது ஆண்டுகள் அதனால் யாருக்கும் பெரிய இழப்பு இல்லை. எல்லாமே சென்னை மாகாணம்தானே. 1952 டிசம்பர் 15 அன்று, தனி ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர்விட்டார். நான்கு நாட்களில் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். தகராறில்லாத தெலுங்குப் பகுதிகள் என்று எடுத்துக்கொள்ளப்பட்டவை சென்னை மாகாணத்தின் பதினோரு மாவட்டங்களும் பெல்லாரியின் மூன்று வட்டங்களும். அந்தப் பதினொன்றில் சித்தூர் முழுதாக இருந்தது. 1911-இல் வருவாய்த் துறைக்காக வரைந்த கோடு, 1953-இல் இரண்டு மொழிகளுக்கு நடுவே போடும் கோடாக மாறிவிட்டது. நீதிபதி வாஞ்சூவிடம் புதிய மாநிலத்தின் நிதி, நிர்வாகப் பங்கீடு முதலியவை கேட்கப்பட்டன. கிராமம் கிராமமாக எல்லையை ஆராயும் வேலை அவருடையதாக இல்லை. எல்லை ஆணையத்தைப் புதிய மாநிலம் பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

இதைப் பார்த்ததும் ராஜாஜியின் மேல் குற்றம் சாட்டுவது எளிது. 1952 ஏப்ரலிலிருந்து 1954 ஏப்ரல் வரை அவரே முதலமைச்சர். அவர் கவனமெல்லாம் சென்னை நகரத்தின் மேல் இருந்தது. ஆந்திரத்தின் தற்காலிகத் தலைநகர்கூடச் சென்னையில் இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். அதில் வெற்றியும் பெற்றார். தலைநகர் கர்நூலுக்குப் போயிற்று. 1953 கோடையில் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை எதிர்த்து மாநிலமே கொந்தளித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிகளின் வேகமும் பெரும்பாலும் அங்கேதான் செலவாயிற்று. திராவிட நாடு கேட்டவர்களுக்குத் தமிழர்–தெலுங்கர் எல்லைச் சண்டை முதன்மையாகப் படவும் இல்லை. அப்படியென்றால் 1953-இல் ராஜாஜிக்குப் பதில் காமராசர் முதல்வராக இருந்திருந்தால்? எனக்கு அப்போதும் திருத்தணி போயிருக்கும் என்றே தோன்றுகிறது. மாவட்டத்தை அலகாகக் கொண்டு ‘தகராறில்லாத பகுதி’ என்று தில்லி ஒருமுறை சொன்ன பிறகு, சென்னையில் யார் அமர்ந்திருந்தாலும் அவர் கையில் இருந்த வாதம் பலவீனமானது. சித்தூரை மாவட்டமாக எடுத்தால் அங்கே தெலுங்கர் பெரும்பான்மை. அதை மறுக்க முடியாது. திருத்தணியை வட்டமாகவோ கிராமமாகவோ எடுத்தால்தான் தமிழரின் கணக்கு நிற்கும். கேள்வி எந்த அலகில் கேட்கப்படுகிறது என்பதிலேயே விடை அடங்கிவிட்டது.

ஒரு முன்னுதாரணம் இதற்கு வலுச் சேர்க்கிறது. 1949-இன் முடிவில் குமாரசாமி ராஜா முதல்வராக இருந்தபோது ஆந்திரத்தைப் பிரிப்பதற்காக அவர் தலைமையில் பிரிவினைக் குழு ஒன்று அமைந்தது. பிரகாசம், சஞ்சீவ ரெட்டி, பக்தவத்சலம், டி.டி. கிருஷ்ணமாச்சாரி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். 1950 ஜனவரியில் குடியரசு பிறக்கும்போதே ஆந்திரமும் பிறந்துவிடும் என்று பேச்சு இருந்தது. சென்னை நகரத்தைப் பற்றிப் பிரகாசம் மாற்றுக் கருத்து எழுதியதும் முயற்சி நின்றுபோயிற்று. அவர் எழுதாமல் இருந்திருந்தால் ஆந்திரம் மூன்றே முக்கால் ஆண்டுகள் முன்பே உருவாகியிருக்கும். ஸ்ரீராமுலுவின் மரணம் நிகழாமல் போயிருக்கும். அந்த இழப்பு சாதாரணமானதல்ல. ஆனால் திருவாலங்காடு தப்பியிருக்குமா? ஜவாஹர்லால், வல்லபபாய், பட்டாபி மூவர் குழு 1949-இல் சொன்னதும் சென்னை நகரத்தைத் தெலுங்கர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான். சண்டையின் மையம் நகரமாக இருந்தவரை கிராமங்களின் பெயரை யாரும் மேசையில் வைக்கவில்லை. முந்தைய முதல்வர் ஓமந்தூரார் இருந்தாலும் குமாரசாமி ராஜா இருந்தாலும் ராஜாஜி இருந்தாலும் அதே மாவட்டக் கோடு அதே இடத்தில்தான் விழுந்திருக்கும்.

இப்படிச் சொல்வதால் ராஜாஜிக்கு முழு விடுதலை தந்துவிடவில்லை. அதே 1953-இல் பெல்லாரி விஷயத்தில் தில்லி என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மாவட்டத்தை முழுதாக யாரிடமும் கொடுக்கவில்லை. ஆலூர், ஆதோனி, ராயதுர்க்கம் மூன்றும் ஆந்திரத்துக்கு. பெல்லாரி வட்டத்தைப் பற்றித் தகராறு எழுந்ததும் நீதிபதி மிஸ்ராவை அனுப்பி விசாரித்து அதை மைசூருக்குக் கொடுத்தார்கள். சில மாதங்களில் முடிந்த வேலை அது. மாவட்டத்தைப் பிரித்துப் பார்க்க முடியும், விசாரணை நடத்த முடியும், காலம் போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பெல்லாரிக்குக் கொடுத்த நியாயத்தைத் திருத்தணிக்கும் கொடுங்கள் என்று சென்னை அரசு விடாமல் கேட்டிருந்தால் நேருவால் எளிதில் மறுத்திருக்க முடியாது. அந்த அளவுக்கு ஒரு தலைவரின் பொறுப்பு இங்கே உண்டு. ராஜாஜி நகரத்தைக் காத்தார். கிராமங்களுக்காக ஒரு விதியைக் கேட்கத் தவறினார். ஆனால் பெரிய பொறுப்பு நேருவுடையது. ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு மரணத்துக்குப் பின் நான்கே நாளில் அறிவித்து, எல்லையை மட்டும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் அவர். படேல் இருந்திருந்தால் வேறாக நடந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். படேல் 1950 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். மூவர் குழு அறிக்கையில் கையெழுத்திட்டவரும் அவர்தான். மொழிவழி மாநிலத்தில் அவருக்கும் விருப்பம் இல்லை. ஆளை மாற்றிப் பார்ப்பதால் இந்த இடத்தில் நமக்கு அதிகம் கிடைக்காது.

திருவாலங்காட்டிலிருந்து திருத்தணிக்குப் போகும் வழி வயல்களும் கரும்பும் நிறைந்தது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் இந்த வட்டாரத்தில் இருக்கிறது. படி ஏறி முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் மலை மேலிருந்து வடக்கே பார்த்தால் நகரி மலைகள் தெரியும். அந்தப் பக்கம் ஆந்திரம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், இரண்டு மொழியும் மலையெங்கும் கேட்கிறது. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் பிறந்தது இந்தத் திருத்தணியில், தெலுங்குக் குடும்பம் ஒன்றில். அவர் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஆண்டுகளில்தான் அவருடைய பிறந்த ஊர் இரண்டு முறை கைமாறியது. இந்த மண்ணில் தமிழைக் கற்பித்து, மக்களிடம் எல்லை உணர்வை வளர்த்தவர் மங்கலங்கிழார். குருவராயப்பேட்டையில் இருந்த தமிழாசிரியர். ஆந்திரம் பிறப்பதற்கு முன்பே 1953-இல் மறைந்துவிட்டார். அவர் அழைத்து வந்த ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகமும், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகமும் போராட்டத்தை முன்னெடுத்தார்கள். சிறை நிறைந்தது. கோவிந்தசாமி, பழனிமாணிக்கம் என்ற இரு தொண்டர்கள் சிறையிலேயே உயிர்விட்டார்கள். இந்த இருவரின் பெயரும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது நம்முடைய குறை.

இங்கேதான் என் வாதத்துக்கு வலுவான மறுப்பு எழும். தலைவர்களையும் விதிகளையும் பற்றிப் பேசுகிறீர்களே, திருத்தணியை மீட்டது மக்கள் போராட்டம் அல்லவா என்று கேட்கலாம். போராட்டம் இல்லாவிட்டால் 1953-இன் கோடு அப்படியே கல்லாகியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் போராட்டம் கேட்டது வேங்கடம் வரையிலான மண்ணை; திருப்பதியும் அந்தக் கோரிக்கையில் இருந்தது. கிடைத்தது அதுவல்ல. கிடைத்தது ஒரு விதி. சென்னையும் ஆந்திரமும் ஒப்புக்கொண்டு எச்.வி. படாஸ்கரை நடுவராக ஏற்றன. சென்னையில் காமராசர், ஆந்திரத்தில் சஞ்சீவ ரெட்டி. இரண்டு பேரும் ஒரே கட்சியினர், இரண்டு பேரும் தங்கள் தங்கள் மக்களின் கோபத்துக்குப் பயந்தவர்கள். படாஸ்கர் முன்வைத்த அடிப்படை எளிமையானது: கிராமமே அலகு, 1951 மக்கள்தொகைக் கணக்கில் பாதிக்கு மேல் பேசப்படும் மொழி எது என்று பார்க்க வேண்டும், நிலத் தொடர்ச்சி அறாமல் இருக்க வேண்டும். அந்த விதிப்படி திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டும் சேர்ந்து 300-க்கும் மேற்பட்ட கிராமங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்தும் சேலம் மாவட்டத்திலிருந்தும் தெலுங்கு பேசும் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின; அவற்றில் பெரும்பாலானவை சத்தியவேடு பக்கம். சித்தூர், திருப்பதி திரும்பவில்லை. அந்த விதியை நேர்மையாக வைத்துப் பார்த்தால் அவை திரும்பியிருக்கவும் முடியாது. போராட்டம் விதியைக் கொண்டுவந்தது. கோட்டை வரைந்தது விதி.

இதை உறுதிப்படுத்த வரலாறே நமக்கு ஓர் ஒப்பீட்டைத் தந்திருக்கிறது. அதே காமராசர், அதே ஆண்டுகள், தெற்கு எல்லை. திருவிதாங்கூர்த் தமிழர்கள் நேசமணியின் தலைமையில் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அங்கே தமிழர் கணிசமாக இருந்தார்கள். ஆனால் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அங்கே மொழிப் பெரும்பான்மையை மட்டும் முடிவான அளவுகோலாக ஏற்கவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் வந்து குடியேறியவர்கள், அந்த மலைப்பகுதி திருவிதாங்கூரின் பொருளாதாரத்தோடு பிணைந்தது என்ற காரணங்கள் முன்னே வந்தன. தலைவர் ஒருவரே, இரண்டு எல்லைகளில் இரண்டு அளவுகோல்கள், இரண்டு முடிவுகள். காமராசர் வடக்கே வீரராகவும் தெற்கே கோழையாகவும் இருந்தார் என்று சொல்வது வசதியான கதை. வடக்கே ஒரு விதிக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள அவர் ஒப்பினார், எதிர்த் தரப்பையும் ஒப்ப வைத்தார். தெற்கே அந்த வாய்ப்பை ஆணையம் முன்பே மூடிவிட்டது. ஒரு தலைவரின் பெரிய பணி எல்லையை இழுத்துப் பிடிப்பது என்று நாம் நினைக்கிறோம். தனக்கும் மேலே ஒரு விதியை வைக்கச் சம்மதிப்பதே அதைவிடக் கடினமான பணி, காமராசரை நான் அதற்காகவே மதிக்கிறேன்.

இன்னொரு மறுப்பும் உண்டு. கிராமத்தை அலகாக வைத்தால் எல்லை கோணல்மாணலாகிவிடும், நிர்வாகம் கெடும், பள்ளியும் சந்தையும் வேறு வேறு மாநிலத்தில் விழும் என்பார்கள். இது பொய்யல்ல. பொன்பாடிச் சோதனைச் சாவடியைத் தாண்டி நகரிக்குப் போகிறவர் இன்றும் இதைக் காணலாம். எல்லையின் இரண்டு பக்கமும் இரண்டு மொழியும் கலந்து கிடக்கின்றன, எந்தக் கோடும் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்கவில்லை. ஆனால் மாவட்டத்தை அலகாக வைத்த கோடு மட்டும் சுத்தமாக இருந்ததா? அது பெரிய கூட்டமொன்றை முழுதாகத் தவறான பக்கத்தில் தள்ளியது. கிராமக் கோடு சிறு சிறு தவறுகள் செய்கிறது, அவற்றில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டித் திருத்தலாம். திருத்தக்கூடிய தவறு திருத்த முடியாத தவறைவிட மேல். கிராமத்தை அலகாக வைப்பது இந்த ஊருக்குப் புதியதும் அல்ல. 1905-ஐ ஒட்டி இங்கே கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக்குரியவை. 31 ஏடுகள் கொண்டவை. சோழர் வமிசத்தின் வரலாற்றைச் சொல்லும் வடமொழிப் பகுதியைத்தான் வரலாற்று மாணவர்கள் அதிகம் படிக்கிறார்கள். நான் தமிழ்ப் பகுதியையே மதிப்பேன். பழையனூர் என்ற ஒரே ஊரை இக்கோயிலுக்குக் கொடுத்ததை அது பதிவு செய்கிறது. அந்த ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திச் சுற்றிக் காட்டினார்கள். எல்லை எந்த வாய்க்கால், எந்த ஏரி, எந்த ஊரின் நிலம் வழியாகப் போகிறது என்று விவரம் விவரமாக எழுதினார்கள். ஊராரும் நாட்டாரும் கூட இருந்தார்கள். கடல் கடந்து படை அனுப்பிய பேரரசன் ஒரு கிராமத்தின் வரப்புக்கு இத்தனை மெனக்கெட்டான். 1953-இன் தில்லிக்கு அந்தப் பொறுமை இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. நடந்ததை மாற்ற முடியாது, ஆளை மாற்றிப் பார்ப்பதால் என்ன பயன்? எனக்குப் படும் பயன் இதுதான்: அடுத்த முறை எங்கே கண் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆறரை ஆண்டுகள் திருவாலங்காட்டு மக்கள் செலுத்திய விலையைக் குறைத்திருக்கக்கூடிய இடம் 1953 மார்ச்சில் தில்லி வெளியிட்ட அறிவிப்பின் ஒரு பத்தியில் இருந்தது. எல்லை ஆணையத்தை மாநிலம் பிறந்த பிறகு வைப்போம் என்ற பத்தி. அந்த வரிசையை மாற்றியிருந்தால், முதலில் கிராமக் கணக்கு, பிறகு மாநிலம் என்று வைத்திருந்தால், இரண்டு தொண்டர்கள் சிறையில் சாக வேண்டியிருக்காது. இன்று தொகுதி மறுவரையறை வருகிறது, புதுப் புது மாவட்டங்கள் பிறக்கின்றன. திருவள்ளூர் மாவட்டமே 1997-இல் செங்கற்பட்டிலிருந்து பிரிந்தது. அந்தப் பக்கம் 2022-இல் திருப்பதி மாவட்டம் உருவாகிச் சத்தியவேடு அதற்குள் போயிற்று. ஒவ்வொரு முறையும் நாம் யார் அறிவித்தார் என்று கேட்கிறோம். எந்த அலகில், எந்த விதிப்படி, எப்போது எண்ணினார்கள் என்று கேட்பதில்லை. இரத்தின சபையைத் தரிசிக்கப் போகிறவர்கள் நேரம் இருந்தால் 1959-ஆம் ஆண்டின் 56-ஆம் சட்டத்தையும், அதாவது ஆந்திரப் பிரதேசம்–சென்னை எல்லை மாற்றச் சட்டத்தையும், ஒருமுறை படித்துப் பாருங்கள். அதன் அட்டவணைகளில் எந்தத் தலைவரின் பெயரும் இல்லை. கிராமங்களின் பெயர்கள் மட்டும் ஒவ்வொன்றாக அச்சிடப்பட்டிருக்கின்றன.